காபிக் கெண்டி கொன்ற கரடி

"எங்கள் நாடகக் குழு செகாவின் 'கரடி'யை மேடையேற்றப் போகிறது. அது முதன்முதலில் எங்கே, யாரால் நடிக்கப்பட்டது? இத்தனை காலமாக எப்படித் தாக்குப்பிடிக்கிறது? வெறும் கூச்சல் நாடகம்தானே அது?" என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. அதைக் கூச்சலாக நடித்தவர்கள் ஏராளம். முதல் நாள் மேடையேற்றமே கொஞ்சம் அப்படித்தான் அமைந்தது. எழுதிய ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவுக்கே அதில் மனக்குறை இருந்தது. ஆனால் நாடகம் அப்படி எழுதப்படவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போப்பவா என்ற இளம் விதவை, நிலக்கிழார் வீட்டுப் பெண். கணவன் இறந்து ஏழு மாதம் ஆகியும் வீட்டை விட்டு வெளியே வராமல், அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு துக்கம் காக்கிறாள். அவன் உயிரோடு இருந்தபோது அவளுக்குத் துரோகம் செய்தவன். அது அவளுக்கும் தெரியும். 'நீ எப்படி இருந்தாலும் நான் சாகும்வரை உண்மையாக இருந்து காட்டுகிறேன்' என்பதுதான் அவள் துக்கத்தின் அடிநாதம். அந்த வீட்டுக்கு ஸ்மிர்நோவ் என்ற ஓய்வுபெற்ற பீரங்கிப் படை அதிகாரி வருகிறான். இறந்தவன் இவனிடம் ஓட்ஸ் வாங்கிவிட்டு இரண்டு புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். மொத்தம் 1,200 ரூபிள். மறுநாள் வங்கிக்கு வட்டி கட்டாவிட்டால் ஸ்மிர்நோவின் நிலம் கைவிட்டுப் போய்விடும். அவளோ, காரியஸ்தர் நாளை மறுநாள்தான் ஊரிலிருந்து வருவார், பணம் பேசும் மனநிலையில் நான் இல்லை என்கிறாள். வாங்காமல் போகமாட்டேன் என்று அவன் உட்கார்ந்துவிடுகிறான். வாய்ச்சண்டை முற்றி, துப்பாக்கிச் சண்டை வரை போகிறது. கணவனின் கைத்துப்பாக்கிகளைக் கொண்டுவந்து, 'எப்படிச் சுடுவது என்று முதலில் சொல்லிக்கொடுங்கள்' என்று அவள் கேட்கிற இடத்தில் அவன் மனம் கவிழ்ந்துவிடுகிறது. கிழட்டு வேலைக்காரன் லூகா எஜமானியைக் காப்பாற்றக் கோடரியோடு ஆள்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வரும்போது இருவரும் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செகாவ் இதை எழுதியது 1888 பிப்ரவரியில். அப்போது அவருக்கு 28 வயது. 'ஸ்தெப்பி' என்ற நெடுங்கதையை முடித்திருந்த நேரம். ரஷ்ய இலக்கிய உலகம் அவரை முதல்முறையாகப் பெரிய எழுத்தாளராக எண்ணத் தொடங்கியிருந்தது. அதே மாதத்தில் ஒரு கடிதத்தில், பொழுது போகாமல் பிரெஞ்சு பாணியில் ஒரு சின்ன வோட்வில் எழுதிவிட்டேன், பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்தால் என்னைச் சாதிநீக்கம் செய்துவிடுவார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். வோட்வில் என்றால் அன்றைய ரஷ்ய மேடையில், முக்கிய நாடகத்துக்கு முன்னாலோ பின்னாலோ போடுகிற அரை மணி நேரச் சிரிப்பு நாடகம். இலக்கியக்காரர்கள் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. செகாவ் நாடகத்தின் தலைப்புக்குக் கீழே 'ஒரு அங்கத்தில் ஒரு வேடிக்கை' என்று மட்டும் போட்டார்.

அந்த 'பிரெஞ்சு பாணி'க்கு ஒரு குறிப்பான மூலம் உண்டு. மாஸ்கோவில் கோர்ஷ் என்பவரின் தனியார் அரங்கில் ஒரு பிரெஞ்சு ஓரங்க நாடகத்தின் ரஷ்ய வடிவம் நடந்துகொண்டிருந்தது. பியேர் பெர்த்தோன் எழுதியது. வாயைத் திறந்தால் வசைமொழி பேசுகிற கப்பல் தலைவன் ஒருவன். அவன் காதலிக்கிற சீமாட்டி, ஒரு மணி நேரம் திட்டாமல் இருந்து காட்டினால் மணந்துகொள்கிறேன் என்கிறாள். கப்பல் தலைவனாக நடித்தவர் நிக்கலாய் சொலவ்த்சோவ். நல்ல உயரம், கணீரென்ற குரல். அவருக்கு இணையாக நடித்தவர் ரிப்சின்ஸ்கயா. இந்த ஜோடியைப் பார்த்துத்தான், சொலவ்த்சோவுக்கு அசல் ரஷ்யக் கரடி ஒன்றை, அதாவது ஒரு முரட்டு ஆளை, எழுதித் தரவேண்டும் என்ற எண்ணம் செகாவுக்குத் தோன்றியது. நாடகத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். ஆக, ஸ்மிர்நோவ் என்ற பாத்திரம் பிறந்ததே ஒரு நடிகரின் உடம்பையும் குரலையும் அளவெடுத்துத்தான். இது நாடகத்துக்குப் பலம். பின்னால் ஒரு பொறியாகவும் ஆனது, அதற்கு வருகிறேன்.

மேடைக்கு முன்னால் தணிக்கை இருந்தது. ஜாரின் ரஷ்யாவில் எந்த நாடகமும் தணிக்கையாளரின் கையொப்பம் இல்லாமல் மேடையேற முடியாது. 'கரடி'யைப் படித்த தணிக்கையாளருக்குச் சிரிப்பே வரவில்லை. கதை விசித்திரமானது, தொனி முரட்டுத்தனமானது, நாகரிகமற்றது, அனுமதிக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்துவிட்டார். ஒரு கோணத்தில் அவர் நாடகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். கணவன் இறந்து ஏழே மாதத்தில், அவன் படத்துக்கு முன்னாலேயே, கடன் கேட்க வந்தவனை ஒரு விதவை கட்டிக்கொள்கிறாள். கடைசிவரை துக்கம் காப்பேன் என்று சபதம் செய்த பெண் மனம் மாறுகிற கதை, கிரேக்க-ரோமானிய காலத்து 'எபேசு நகர விதவை' கதையிலிருந்து வருகிற பழைய சரக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரையாவது முகம் சுளிக்க வைத்திருக்கிறது. நல்லவேளையாக, மேலதிகாரி ஒருவர் அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். 1888 ஆகஸ்ட் 30 அன்று 'நோவயே விரேமியா' நாளிதழில் நாடகம் அச்சானது. செகாவ் முழுப் பெயரைப் போடவில்லை, 'அ. ப.' என்ற இரண்டு எழுத்து மட்டும். கதைகளுக்குத் தன் பெயரைத் தாராளமாகப் போடத் தொடங்கிவிட்ட மனிதர், இதற்கு மட்டும் ஒளிந்துகொண்டார்.

அக்டோபர் முதல் வாரத்தில் அறிவியல் கழகம் அவருக்கு இலக்கியத்துக்கான புஷ்கின் பரிசை அறிவித்தது. அதே மாதம் 28-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, 'கரடி' கோர்ஷ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. (1888, 1889 தேதிகளெல்லாம் பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி, நம் கணக்குக்குப் பன்னிரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.) வெள்ளிக்கிழமைதோறும் புது நாடகம் போடுவது கோர்ஷின் வழக்கம். மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் நாடகம் நடத்தும் உரிமை அதுவரை அரச அரங்குகளுக்கு மட்டுமே இருந்தது. 1882-இல் அந்தத் தடை நீங்கியதும் முதலில் எழுந்த தனியார் அரங்குகளில் கோர்ஷினுடையதும் ஒன்று. வாரம் ஒரு புது நாடகம் என்றால் ஒத்திகைக்கு எத்தனை நாள் கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முந்தைய வருடம் செகாவின் 'இவானவ்' அங்கேதான் அவசரமாகத் தயாராகி அரங்கேறியிருந்தது. அந்தக் கசப்பு அவருக்கு மறந்திருக்காது.

முதல் இரவைப் பற்றிச் செகாவே நவம்பர் 2 அன்று நண்பர் ஷெக்லோவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அரங்கில் சிரிப்பு ஓயவில்லை, தனிமொழிகளின் நடுவிலேயே கைதட்டல் எழுந்தது, முதல் இரண்டு காட்சிகளிலும் நடிகர்களையும் ஆசிரியரையும் மேடைக்கு அழைத்தார்கள் என்கிறார். சொலவ்த்சோவ் அபாரம், ரிப்சின்ஸ்கயா இனிமை என்றும் சொல்கிறார். ஆனால் அதே கடிதத்திலேயே, இரண்டு பேரும் கலையழகு இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சுருதியில் நடிக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். இந்தக் குறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரங்கம் அதிரச் சிரித்த இரவில், மேடைக்கு அழைக்கப்பட்ட ஆசிரியருக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. ஏற்ற இறக்கத்தை அவர் எழுதி வைத்திருந்தார். நடிகர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி. முதல் காட்சிக்குப் பிறகு ரிப்சின்ஸ்கயா காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நீராவி அடைபட்டுக் காபிக் கெண்டி வெடித்து அவர் முகம் முழுக்க வெந்துவிட்டது. இரண்டாவது காட்சியில் போப்பவாவாக நடித்தவர் கிளாமா என்ற நடிகை. அவரும் உடனே பீட்டர்ஸ்பர்க்குக் கிளம்பிவிட்டார். மூன்று நாள்கூட வாழாமல் என் கரடி செத்துப்போய்விட்டது, அதைக் கொன்றது ஒரு காபிக் கெண்டி என்று செகாவ் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் குணமாகி வந்துவிடுவதாக ரிப்சின்ஸ்கயா சொல்லியிருந்தார். மூன்றே பேர் வசனம் பேசுகிற நாடகத்தின் பலவீனம் இதுதான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மேடை இருட்டு. உங்கள் குழுவில் போப்பவாவின் வசனத்தை இன்னொருவரும் பாடம் பண்ணி வைத்திருக்கட்டும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கரடி சாகவில்லை. 1889 பிப்ரவரியில் பீட்டர்ஸ்பர்க்கின் அரச அரங்கான அலெக்சாந்திரின்ஸ்கியில் ஏறியது. போப்பவாவாக மரீயா சாவினா. அந்த அரங்கின் முடிசூடா ராணி அவர். ஸ்மிர்நோவாக சசோனவ். அங்கிருந்து மாகாண ஊர்களுக்கு, பிறகு பொழுதுபோக்காக நாடகம் போடுகிறவர்களின் வீட்டுக் கூடங்களுக்கு என்று பரவியது. காரணம் எளிது: ஒரே ஓர் அறை, வசனம் பேச மூன்றே நடிகர்கள், அரை மணிக்குச் சற்றே மேல். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் நாடகாசிரியர் சங்கம் ஆசிரியருக்கு உரிமைத்தொகை வசூலித்துக் கொடுத்தது. மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கதைகளைவிட, பொழுதுபோக்காக எழுதிய இந்த அரை மணி நேரம் அவருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. இதற்குக் 'கரடி' என்பதைவிடக் 'கறவைப் பசு' என்று பெயர் வைத்திருக்கலாம் என்று ஒருமுறை எழுதினார். பாகு நகரத்து எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் பீறிடுவதுபோல வோட்வில் கருக்கள் தனக்குள்ளே பீறிடுகின்றன, எழுத்து வற்றிப்போனால் இவற்றை எழுதியே பிழைத்துக்கொள்வேன் என்று 'நோவயே விரேமியா' அதிபர் சுவோரினிடம் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். அதே சூட்டில் அவர் எழுதிய 'பெண் கேட்டல்' என்ற ஓரங்கம் 1889 ஆகஸ்டில் கிராஸ்னயே செலோவில் ஜார் மன்னருக்கு முன்னாலேயே நடிக்கப்பட்டது. ஆனால் இவற்றை அவர் வெறும் வருமானமாக நினைத்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மேடையில் ஒருவர் எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும், ஒரு பொருள் எத்தனை முறை கைமாறவேண்டும் என்பதையெல்லாம் அவர் கற்றுக்கொண்ட பட்டறை இது. பிற்காலத்தில் 'செர்ரித் தோட்டத்தை'யும் அவர் நகைச்சுவை நாடகம் என்றுதான் அழைத்தார். கடனும் வட்டியும் தலைக்கு மேல் தொங்க, அதைப் பற்றிப் பேசும் மனநிலையில் இல்லாத ஒரு பெண் அங்கேயும் இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போப்பவாவின் நினைவு வரும்.

சொலவ்த்சோவ் 1891-இல் கீவ் நகரில் தன் சொந்த அரங்கை நிறுவினார். முரடனாக நடித்துப் புகழ்பெற்றவர், ஓர் ஊரின் நாடக வாழ்வையே தூக்கி நிறுத்தினார். ஆனால் அவர் போட்ட அச்சு உடையவில்லை. பிறகு வந்த ஸ்மிர்நோவ்கள் பலர் உயரமானவர்கள், குரல்வளம் மிக்கவர்கள், கதவைத் திறந்ததிலிருந்து கத்துகிறவர்கள். அளவெடுத்துத் தைத்த சட்டையை அடுத்தவர்களும் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். பொறி என்று மேலே சொன்னது இதைத்தான்.

இந்த அச்சை உடைக்க முயன்றவர்களில் மிகப் பெரியவர் மேயர்ஹோல்ட். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கு போட்ட செகாவின் 'கடற்பறவை' நாடகத்தில் திரெப்லெவாக நடித்தவர் அவர். செகாவை நேரில் அறிந்தவர். பிறகு உடல் அசைவையே மொழியாக்கி, ரஷ்ய மேடையைப் புரட்டிப்போட்ட இயக்குநராக வளர்ந்தார். 1935 மார்ச் 25 அன்று 'கரடி', 'பெண் கேட்டல்', 'ஆண்டு விழா' ஆகிய மூன்று ஓரங்கங்களையும் கோத்து, '33 மயக்கங்கள்' என்ற பெயரில் ஒரே இரவு நிகழ்ச்சியாக மேடையேற்றினார். மூன்று நாடகங்களிலும் பாத்திரங்கள் மயங்கி விழுகிற, அல்லது விழப்போகிற இடங்களை எண்ணிப் பார்த்தார், 33 வந்தது. ஒவ்வொரு மயக்கத்துக்கும் இசைக்குழு வாசித்தது. பெண்கள் சாய்ந்தால் நரம்புக் கருவிகள், ஆண்கள் சாய்ந்தால் ஊதுகருவிகள். 1880-களின் படித்த வர்க்கத்தின் நரம்புத் தளர்ச்சியை இந்த மயக்கங்கள் காட்டுகின்றன என்பது அவர் வாதம். போப்பவாவாக அவர் மனைவி ஜினாயிதா ரைக், ஸ்மிர்நோவாக பகலியூபவ்.

கேட்கும்போதே அழகாக இருக்கிறது. ஆனால் மேடையில் அது எடுபடவில்லை. அளவுக்கு மீறிச் சிந்தித்துச் சிரிப்பைத் தொலைத்துவிட்டோம் என்று மேயர்ஹோல்டே பிறகு ஒப்புக்கொண்டார். காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. செகாவின் மேடைக் குறிப்புகளில் மயக்கம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தலைசுற்றி நாற்காலியைப் பிடிக்கிற மனிதனுக்கு அந்தக் கணத்தில் இசை கேட்பதில்லை. இசை கேட்டவுடன் பார்வையாளர் மனிதனை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்: இது எட்டாவது, இது ஒன்பதாவது. கோர்ஷ் அரங்கத்தார் எல்லாவற்றையும் ஒரே சுருதியில் கத்தினார்கள். மேயர்ஹோல்ட் ஒவ்வொரு மயக்கத்துக்கும் ஒரு சுருதி வைத்தார். இரண்டிலும் காணாமல் போனது ஸ்மிர்நோவின் வட்டிக் கவலைதான். இதை அவருடைய தோல்வியாக நான் எள்ளிச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கலைஞர் அரை மணி நேர வேடிக்கை ஒன்றை இத்தனை தீவிரமாக எடுத்துக்கொண்டு மோதிப் பார்த்தார் என்பதே அந்த நாடகத்துக்குக் கிடைத்த மரியாதை. மூன்று வருடத்துக்குள் அவர் அரங்கம் மூடப்பட்டது. 1939-இல் அவர் கைது செய்யப்பட்டார். சில வாரங்களில் ரைக் அவர்களின் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். 1940 பிப்ரவரியில் மேயர்ஹோல்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். '33 மயக்கங்க'ளின் புகைப்படங்களில் ரைக்கைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1938-இல் இசிதோர் அன்னென்ஸ்கி 'கரடி'யைத் திரைப்படமாக எடுத்தார். மாஸ்கோ கலை அரங்கின் ஓல்கா அந்திரோவ்ஸ்கயா போப்பவா, மிகயீல் ஷாரவ் ஸ்மிர்நோவ். மேடையேற்றத்துக்குத் தயாராகிறவர்கள் அந்திரோவ்ஸ்கயாவின் நடிப்பை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். துக்கத்தைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொள்கிற பெண்ணாக, அதே சமயம் அந்தத் துக்கத்தை உண்மையாகவே நம்புகிற பெண்ணாக, இரண்டையும் சேர்த்து அவர் நடிக்கிறார்.

ஆங்கிலத்தில் லண்டனின் கிங்ஸ்வே அரங்கில் 1911-இல் மேடையேறியது. அதற்குப் பிறகு ஆங்கில உலகில் பயில்முறைக் குழுக்களின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது. அந்தப் பட்டியலுக்கு முடிவில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். வில்லியம் வால்டன் இதை ஒற்றை அங்க இசைநாடகமாக்கினார். பாட்டு வடிவம் பால் டென். 1967 ஜூன் 3 அன்று இங்கிலாந்தின் ஆல்ட்பரோ இசை விழாவில் அரங்கேறியது. வால்டனின் முந்தைய பெரிய இசைநாடகம் 1954-இல் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. இந்தச் சின்னது பெற்றது. மேயர்ஹோல்ட் தடுக்கிய இடத்தில் வால்டன் தடுக்காததற்குக் காரணம் உண்டு. இசைநாடகத்தில் பாத்திரங்கள் பேசுவதே இசையில்தான். ஆகவே அங்கே இசை வெளியிலிருந்து வந்து மயக்கத்தைச் சுட்டிக்காட்டுவதில்லை. சீறுவதும் கெஞ்சுவதும் இசைதான். வேறு இசையமைப்பாளர்களின் பாணியை அவர் அங்கங்கே நையாண்டி செய்கிறார். அதைப் பாடுகிற பாத்திரங்களுக்கு மட்டும் அது நையாண்டி என்று தெரியாது.

இன்னொன்று 1988. லண்டன் ஆல்ட்விச் அரங்கில் மைக்கேல் ஃபிரெய்ன், செகாவின் ஓரங்கங்கள் நான்கையும் சிறுகதைகள் நான்கையும் கோத்து 'தும்மல்' என்ற நிகழ்ச்சியாகத் தந்தார். அதில் 'கரடி'யும் உண்டு. நடித்தவர்களில் ஒருவர் ரோவன் அட்கின்சன், மிஸ்டர் பீனாக நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்தவர். காபிக் கெண்டி வெடித்து அப்போது சரியாக நூறு வருடம்.

இனி உங்கள் மேடைக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர்களை வைத்து இந்த நாடகத்தைத் தமிழில் ஒத்திகை பார்த்தோம். ஸ்மிர்நோவாக நடித்த பையனுக்கு நல்ல குரல். முதல் வரியிலிருந்தே கத்தினான். மூன்றாவது நாள் துப்பாக்கிச் சண்டை வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. பிறகு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். ஸ்மிர்நோவ் உள்ளே வரும்போது லூகாவை முட்டாள், கழுதை என்று திட்டிக்கொண்டுதான் வருகிறான். ஆனால் போப்பவாவைக் கண்டதும் நிமிர்ந்து, தன் முழுப் பெயரையும் படைப் பதவியையும் சொல்லி, தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவேண்டும் என்கிற தொனியில் பேசுகிறான். இவன் முரடனாகப் பிறந்தவன் இல்லை. முந்தின நாள் காலையிலிருந்து, தனக்குக் கடன்பட்டவர்கள் வீடுதோறும் ஏறி இறங்கி, யாரிடமும் ஒரு காசு பெயராமல், களைத்துப்போய் வந்தவன். நடுவே ஓரிடத்தில் தன் பூட்ஸ் அழுக்கையும், முகம் கழுவாததையும், சட்டையில் ஒட்டியிருக்கும் வைக்கோலையும் பார்த்துக் கூச்சப்படுகிறான். கத்திக்கொண்டே நடித்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமே இருக்காது. அந்தப் பையனை, 'நாளைக்கு உன் அப்பாவின் நிலத்தை வங்கி ஏலம் விடப்போகிறது, அதை மட்டும் நினைத்துக்கொண்டு மரியாதையாகக் கேள்' என்று சொல்லி நடிக்க வைத்தோம். மரியாதையாகவே கேட்டான். அவள் 'மனநிலை சரியில்லை' என்றாள். அறையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

துப்பாக்கிக் காட்சியிலும் இதே கதைதான். அவள் சுடக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறாள்; அவன் ஸ்மித் அண்ட் வெசன் ரகத்தின் பொறியமைப்பை விளக்கி, ஜோடி தொண்ணூறு ரூபிளுக்குக் குறையாது என்று விலையும் சொல்கிறான். பீரங்கிப் படைக்காரனுக்கு ஆயுதம் என்றால் சண்டை மறந்து ஆசிரியர் ஆகிவிடுகிறது புத்தி. அவள் கையைத் திருத்திப் பிடிக்க வைக்கிற அந்த நிமிடத்தில் நாடகம் மிக அமைதியாக இருக்கவேண்டும். காதல் அங்கேதான் நுழைகிறது. அவசரப்படாதீர்கள்.

அப்புறம் குதிரை. நாடகத் தொடக்கத்தில் போப்பவா, டோபி என்ற குதிரைக்கு இன்று ஓட்ஸ் கூடுதலாகப் போடச் சொல்கிறாள். அது கணவன் ஆசையாக ஓட்டிய குதிரை. ஸ்மிர்நோவ் வந்திருப்பதும் ஓட்ஸ் வாங்கிய கடனைக் கேட்கத்தான். ஆக, இறந்தவனின் குதிரை தின்ற ஓட்ஸ்தான் இந்த மனிதனை இந்த வீட்டுக்கே வரவழைத்திருக்கிறது. செகாவ் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஓட்ஸ் என்றால் நம் காதில் சர்க்கரை நோய்க்காரர்களின் காலை உணவாக விழுகிறது; குதிரை நினைவுக்கு வருவதில்லை. நாங்கள் அதைக் 'கொள்ளு' என்று மாற்றினோம். குதிரையும் கொள்ளும் தமிழில் சேர்ந்தே இருப்பவை. கொள்ளுக் கடன், கொள்ளுப் புரோநோட்டு என்றவுடன் பார்வையாளர்களுக்குக் கணக்கு நேராகப் புரிந்தது. ரஷ்யப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

நாற்காலிகள் இரண்டு உடையவேண்டும். ஸ்மிர்நோவ் இரண்டு இடங்களில் தன்னை அறியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்து நொறுக்குகிறான். முன்கூட்டியே அறுத்து லேசாக ஒட்டி வையுங்கள். ஒத்திகைக்கு இரண்டு, மேடைக்கு இரண்டு என்று குறைந்தது நான்கு தேவை. யாரும் தவறியும் அவற்றில் உட்காராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமியுங்கள்.

கடைசி வரியைப் பலர் முன்மேடைக்கு வந்து, பார்வையாளரைப் பார்த்துச் சொல்கிறார்கள். செகாவின் குறிப்பு வேறு. லூகா கோடரியோடு நிற்கிறான், தோட்டக்காரன் கையில் வாரி, வண்டிக்காரன் கையில் கவைக்கோல். எல்லோரும் வாயடைத்துப் பார்க்கிறார்கள். போப்பவா கண்களைத் தாழ்த்திக்கொள்கிறாள். லூகாவிடம் மட்டும், ஒரு வீட்டு வேலையைச் சொல்கிற குரலில் சொல்கிறாள்: லாயத்தில் சொல்லிவிடு, இன்றைக்கு டோபிக்குக் கொள்ளே போடவேண்டாம்.